நான் பேயான கதையும், கொஞ்சம் இங்கிலீஷும்

சொல்ல வந்த கருத்தை முதல்லயே சொல்லிடறேன், அப்புறமா கதைக்குப் போவோம். ஒரு குழந்தைக்கு வேற்று மொழியில முதல்ல சொல்லிக் கொடுக்க வேண்டிய வாக்கியம் "மை நேம் இஸ்..." கிடையாது. "புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" தான். இதை எனக்குப் புரிய வெச்சது எந்தப் புத்தகமும் இல்லை. ஒரு டைனோசர்.

பொட்டி தட்டுற வேலைக்காக ஜப்பான் வந்தவன் நான். நகோயா பக்கம் ஜாகை. கார்களுக்குள்ள ஓடுற மென்பொருள்ல திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் ஆணி புடுங்கறது தான் சோறு போடற தொழில். சனிக்கிழமை காலையில மட்டும் நான் வாத்தியார்! பக்கத்துல இருக்கற கம்யூனிட்டி சென்டர்ல ஆறு வயசுலேர்ந்து பத்து வயசு வரைக்கும் இருக்கற பசங்களுக்கு ஆங்கிலம் பேசிப் பழக்கறோம். சம்பளம் எல்லாம் கிடையாது. வகுப்பு முடிஞ்சதும் ஒரு கப் பச்சை டீ, ரெண்டு அரிசி பிஸ்கட், அவ்ளோ தான். வகுப்பை நடத்தறது எழுபது வயசைத் தாண்டின ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எல்லாருக்கும் அவங்க "சென்செய்". நம்மூர் "டீச்சர்" மாதிரின்னு வெச்சுக்கோங்க.

2024 அக்டோபர் 26, சனிக்கிழமை. அன்னிக்கு வகுப்பு கிடையாது, ஹாலோவீன் பார்ட்டி. இருபத்தி நாலு பசங்க. ஏற்பாட்டுக் கமிட்டியில நானும் ஒருத்தன்.

"ஏம்பா, ஜப்பான்காரனுக்கு எதுக்கு ஹாலோவீன்? நமக்கு வேலண்டைன்ஸ் டே மாதிரி அவனுக்கும் வியாபாரிங்க தலையில கட்டினது தானே?"ன்னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டேன். பாதி உண்மை தான். டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1997ல ஹாலோவீனைக் கையில எடுத்ததுக்கு அப்புறம் தான் இங்க இது பரவலாச்சு. இன்னிக்கு செப்டம்பர் பொறந்தாலே நூறு யென் கடைகள்ல ஆரஞ்சு, கறுப்புக் கலர்ல தோரணம் தொங்க ஆரம்பிச்சுடும். பெரியவங்க கூத்து தனி. டோக்கியோ ஷிபுயாவுல 2018ல கூட்டம் ஒரு குட்டி லாரியையே கவுத்துப் போட்டுச்சு. 2023ல அந்த வட்டார மேயரே "ஹாலோவீனுக்கு ஷிபுயாவுக்கு வராதீங்க"ன்னு கேட்டுக்கிட்டார். 2022ல சியோல் இதேவோன் நெரிசல்ல 159 பேர் செத்ததை யாரும் மறக்கலை.

ஆனா குழந்தைங்க விஷயம் வேற. வேஷம் கட்டறதும் பேயை விரட்டறதும் வீடு வீடாப் போய்த் தின்பண்டம் கேக்கறதும் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. பிப்ரவரி 3 வாக்குல செத்சுபுன்னு ஒண்ணு வரும். வீட்டுல அப்பாக்காரர் ஓனி முகமூடி போட்டுக்குவார், அதாவது கொம்பு வெச்ச பூதம். பசங்க வறுத்த சோயா பயறை அவர் மேல வீசித் துரத்துவாங்க. ஹொக்கைடோ தீவுல "ரோசோகு மொராய்"னு ஒரு வழக்கம். தனபாதா பண்டிகை சாயங்காலம் (ஊருக்குத் தக்கபடி ஜூலை 7 அல்லது ஆகஸ்ட் 7) பசங்க கும்பலா வீடு வீடாப் போய், பாட்டுப் பாடி மெழுகுவத்தி கேப்பாங்க. கொடுக்காட்டி பிறாண்டிடுவோம்ங்கற மாதிரி ஒரு மிரட்டலும் அந்தப் பாட்டுல உண்டு. இப்ப மெழுகுவத்தி போய் மிட்டாய் வந்தாச்சு. ட்ரிக் ஆர் ட்ரீட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க? ஹாலோவீனே அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு விளக்கு வெச்சது அமெரிக்காவுக்குக் கப்பலேறி பூசணிக்காயா மாறின கதை தான். யார் யாருகிட்ட கடன் வாங்கினாங்கன்னு தோண்ட ஆரம்பிச்சா எல்லா ஊரு பண்டிகையும் மாட்டிக்கும். அதனால அந்தச் சண்டையை இத்தோட விட்டுடறேன்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை மிட்டாய் பாக்கெட்டோட பின்பக்கம் படிக்கறது. சிரிக்காதீங்க, அது தான் அன்னிக்கு இருந்த வேலையிலேயே பொறுப்பான வேலை. யாருக்கு எது ஒத்துக்காதுன்னு பெற்றோர்கள் முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தாங்க. முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, சோபா மாவு, நிலக்கடலை, இந்த ஏழும் இருந்தா பாக்கெட்ல போட்டே ஆகணும்ங்கறது ஜப்பான் சட்டம். 2023ல வால்நட்டையும் சேர்த்து எட்டாக்கிட்டாங்க. முட்டை, பால், கோதுமை இந்த மூணுக்குமான கஞ்சி எழுத்தை உள்ளங்கையில எழுதி வெச்சுக்கிட்டு (நம்ம பரீட்சை பழக்கம்) ரெண்டு ராத்திரி உக்காந்து பிரிச்சேன்.

அடுத்தது வேஷம். கறுப்பு பிளாஸ்டிக் பையில அங்கி, அட்டையில சூனியக்காரி தொப்பின்னு பசங்க தயார். எனக்கு என்ன வேஷம்? பெட்டியில பொங்கலுக்குக் கட்ட எடுத்து வந்த எட்டு முழ வேட்டி இருந்துச்சு. எடுத்துப் போத்திக்கிட்டேன். பேய்! அதுல ஒரு ஆச்சரியம் பாருங்க. ஜப்பான் பேயும் வெள்ளைத் துணி தான், தலைவிரி கோலம் தான், அதுக்கும் கால் கிடையாது. என்னைப் பார்த்த உடனே ஒரு பொண்ணு "யூரேய்!"னு கத்திட்டு ஓடினா. மொழிபெயர்ப்பே தேவைப்படாத ஒரே இடம் அது தான்னு நினைக்கறேன் :-)

பார்ட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு அம்மா என்கிட்ட வந்து, எந்த நாடுன்னு கேட்டாங்க. இந்தியான்னேன். "ஓ! பத்தொன்பது பெருக்கல் பத்தொன்பது வரைக்கும் வாய்ப்பாடு மனப்பாடமாமே?"ன்னாங்க. இந்தியன்னா கணக்குப் புலின்னு இங்க ஒரு நம்பிக்கை. பதினாறாம் வாய்ப்பாட்டுக்கே எனக்கு மூச்சு வாங்கும்னு சொல்லலை. நாட்டு மானம்னு ஒண்ணு இருக்குல்ல. அடுத்த கேள்வி, "நீங்க நேட்டிவா?" அதாவது ஆங்கிலம் உங்க தாய்மொழியா. இல்லைங்க, தமிழ்னேன். "ஆ... சோ தேசுகா"ன்னு ஒரு இழுவை இழுத்துட்டு, சிரிச்சுக்கிட்டே நகர்ந்து போயிட்டாங்க. அந்த இழுவையை வெச்சுக்கோங்க, அப்புறம் வருவேன்.

இங்க யாரும் தெரியாத வீட்டுக் கதவைத் தட்ட மாட்டாங்க. அதனால சென்டருக்குள்ளயே நாலு அறைக் கதவுகளை நாலு வீடாக்கினோம். பசங்க வரிசையில வந்து தட்டி, "ட்ரிக் ஆர் ட்ரீட்" சொல்லணும். உள்ள இருக்கறவங்க ஒரே ஒரு கேள்வி கேக்கணும், "வாட் ஆர் யூ?" பசங்க "ஐ ஆம் எ விட்ச்", "ஐ ஆம் எ கேட்"னு பதில் சொன்னா மிட்டாய். மூணு வாரமா வகுப்புல இதையே உருப்போட்டிருந்தோம். நாலாவது கதவுக்குப் பின்னாடி வேட்டிப் பேயா நான்.

"தொரிக்கு ஒஆ தொரீத்தோ!"

ஜப்பான் எழுத்துல அப்படித்தான் வரும். மெய்யெழுத்தைப் பெரும்பாலும் தனியா நிறுத்தத் தெரியாத மொழி அது, வாலா ஒரு உயிர் ஒட்டிக்கும். சிரிக்கறவங்க "பஸ்ஸு", "காரு", "இஸ்கூலு" எல்லாத்தையும் ஒரு தடவை நினைச்சுப் பார்த்துட்டுச் சிரிங்க.

முதல் பன்னெண்டு பேர் மெஷின் மாதிரி வந்தாங்க. தொரிக்கு ஒஆ தொரீத்தோ, ஐ ஆம் எ விட்ச், பை திறந்துச்சு, மிட்டாய் விழுந்துச்சு, அடுத்த ஆள். எல்லாம் சரியா நடக்குது. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ உதைச்சுது. இது பேச்சே இல்லையே? பாஸ்வேர்டு அடிச்சு ஏடிஎம்ல காசு எடுக்கற மாதிரி இருக்கே?

பதிமூணாவது ஆள் டைனோசர். பச்சை உடுப்பு, முதுகெல்லாம் அட்டை முள்ளு, ஏழு வயசு இருக்கும். தட்டினான். தொரிக்கு சொன்னான். நான் "வாட் ஆர் யூ?"ன்னேன். அவ்ளோ தான், பையன் உறைஞ்சுட்டான். வரிசையில பின்னாடி நிக்கறவங்க கிசுகிசுன்னு எடுத்துக் கொடுக்கறாங்க. கூட வந்த அம்மா ஒருத்தங்க "ஐ ஆம்... ஐ ஆம்..."னு தூண்டி விடறாங்க. அவன் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. கையில மிட்டாய்ப் பையோட வாசல்ல தோத்து நிக்கறான்.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கறேன்.

பன்னெண்டாவது வரைக்கும் நான் தமிழ் மீடியம். 2014ல ப்ளஸ் டூ எழுதினேன். ஆங்கிலம் ரெண்டு பேப்பர், ரெண்டுலயும் நல்ல மார்க். கட்டுரை எல்லாம் கமா முதற்கொண்டு மனப்பாடம். ஆனா அதுவரைக்கும் ஒரு மனுஷன்கிட்டயும் ஒரு முழு வாக்கியம் ஆங்கிலத்துல பேசினது கிடையாது. இஞ்சினியரிங் நாலு வருஷமும் கடைசி பெஞ்சுல மௌன விரதம். 2018ல சென்னையில வேலை கிடைச்சுது. முதல் தடவை வெளிநாட்டு வாடிக்கையாளரோட போன்ல மீட்டிங். அவர் ஏதோ கேட்டார். எனக்குப் புரியலை. "யெஸ்"ன்னேன். மறுபடி ஏதோ சொன்னார். மறுபடி "யெஸ் யெஸ்"ன்னேன். அவர் சந்தோஷமா போனை வெச்சார். ரெண்டு வாரம் கழிச்சுத் தான் தெரிஞ்சுது, அவர் வேண்டாம்னு சொன்னதை நான் உக்காந்து கட்டிக்கிட்டு இருந்திருக்கேன். மொத்த டீமும் சனி ஞாயிறு வந்து அதைப் பிரிச்சுது. எங்க லீடர் திட்டக்கூட இல்லை. "புரியலைன்னா திருப்பிக் கேக்க வேண்டியது தானேடா?"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. திருப்பிக் கேக்கறதுக்கு வேண்டிய ஆங்கிலம் நாலே வார்த்தை. அது எனக்குத் தெரியும். வெக்கம் தான் விடலை. கேட்டா இங்கிலீஷ் தெரியாதவன்னு தெரிஞ்சு போயிடுமே!

டைனோசர் முகத்துல நான் பார்த்தது அந்த "யெஸ் யெஸ்" முகத்தை.

கொசுவத்தி முடிஞ்சுது. வேட்டியை விலக்கிட்டு முட்டி போட்டு உக்காந்தேன். "வகரானாய்"ன்னான், கேக்காத குரல்ல. புரியலைன்னு அர்த்தம். அடேய், அது தான்டா சரியான பதில்! "ஓகே, வெரி குட். சே... ஒன் மோர் டைம், ப்ளீஸ்"ன்னேன்.

"வன் மோஆ தைமு, புரீசு."

நான் திரும்பக் கேட்டேன், "வாட் ஆர் யூ?" அவன் ஒரு நிமிஷம் பார்த்தான். "வன் மோஆ தைமு, புரீசு." திரும்பக் கேட்டேன். மூணாவது தடவை சொல்லும்போது சிரிப்பு வந்துடுச்சு அவனுக்கு. இவ்ளோ பெரிய ஆளை, அதுவும் பேயை, நாலு வார்த்தையில திரும்பத் திரும்ப ஆட வெக்க முடியுதுன்னு அவனுக்குப் புரிஞ்சு போச்சு. நாலாவது தடவை நான் கேட்டப்ப முதுகு முள்ளு ஆட "காஓ!"ன்னு ஒரு உறுமல். இங்க சிங்கம், டைனோசர் எல்லாம் அப்படித்தான் உறுமும். "வாட் ஆர் யூ"வுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியலை. ரெண்டு மிட்டாய் கொடுத்தேன்.

அப்புறம் தான் கூத்து. அதைப் பார்த்த அடுத்த குட்டிச்சாத்தான், பதில் நல்லாத் தெரிஞ்சும் "வன் மோஆ தைமு புரீசு"ன்னா. அவளுக்கு அடுத்தவனும் அதே. முன்னாடி மிட்டாய் வாங்கிட்டுப் போனவங்க கூட மறுபடி வந்து வரிசையில நின்னுட்டாங்க. பதினோரு மணிக்கு முடிய வேண்டியது பதினொன்னரை ஆச்சு. மம்மி சுத்தற விளையாட்டுக்கு வாங்கி வெச்ச டாய்லெட் பேப்பர் பிரிக்காமலே கிடந்துச்சு.

சாயங்காலம் டீயோட கூட்டம். நிகழ்ச்சி நிரலைக் குட்டிச்சுவராக்கினவன் நான், அதனால அமைதியா இருந்தேன். மூணு வாரம் பழக்கின வாக்கியத்தைக் கடைசியில பாதிப் பசங்க சொல்லவே இல்லைன்னு ஒருத்தர் வருத்தப்பட்டார். நியாயம் தான். பெற்றோர்கள் எழுதிக் கொடுத்த கருத்துத் தாள்களையும் படிச்சாங்க. ஒண்ணுல, "உச்சரிப்பு சொல்லிக் கொடுக்க நேட்டிவ் ஆசிரியர் இருந்தா நல்லா இருக்கும்." பேர் போடலை. அந்த இழுவை ஞாபகம் வந்துச்சு. கொஞ்சம் வலிச்சுது தான், பொய் சொல்ல மாட்டேன்.

சென்செய் அந்தத் தாளை மடிச்சு வெச்சுட்டு, ஹத்தோரி யோஷிஹிரோவைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு அதுவரைக்கும் தெரியாத பேர். அங்க இருந்த நாப்பது வயசுக்கு மேற்பட்ட எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

இதே நகோயாப் பையன். பதினாறு வயசு. மாணவர் பரிமாற்றத் திட்டத்துல அமெரிக்கா, லூசியானாவுல பேட்டன் ரூஜ் நகரத்துக்குப் போனவன். 1992 அக்டோபர் 17. தான் தங்கியிருந்த வீட்டுப் பையனோட ஒரு ஹாலோவீன் பார்ட்டிக்குக் கிளம்பினான், வெள்ளை கோட்டு சூட்டு வேஷத்துல. முகவரியில குழப்பம், தப்பான வீட்டு மணியை அடிச்சுட்டாங்க. வீட்டுக்கார அம்மா பயந்து கதவைச் சாத்திட்டு, புருஷனைத் துப்பாக்கி எடுக்கச் சொன்னாங்க. பசங்க காருக்குத் திரும்பறப்ப கதவு மறுபடி திறந்துச்சு. பார்ட்டிக்கு வந்தோம்னு சொல்லிக்கிட்டே ஹத்தோரி அவரை நோக்கிப் போனான். அவர் "ஃப்ரீஸ்!"னு கத்தினார். அவன் நிக்கலை. நெஞ்சுல சுட்டுட்டார். 1993ல ஜூரி சுட்டவரை விடுதலை பண்ணிடுச்சு. பையனோட அப்பா அம்மா அமெரிக்க வீடுகள்ல துப்பாக்கி கூடாதுன்னு ஜப்பான்ல பதினேழு லட்சம் கையெழுத்து வாங்கி, அதே வருஷம் நவம்பர்ல அதிபர் கிளிண்டனைப் போய்ப் பார்த்தாங்க.

சென்செய் அப்ப இதே ஊர்ல ஒரு பள்ளியில ஆங்கில ஆசிரியை. செய்தி வந்த மறுநாள் வகுப்புல போர்டுல ரெண்டு வார்த்தை எழுதினாங்களாம். அதையே எங்களுக்கும் ஒரு காகிதத்துல எழுதிக் காட்டினாங்க. ஜப்பான் எழுத்துல "ஃப்ரீஸ்"சும் "ப்ளீஸ்"சும் ஃபுரீசு, புரீசு. ல, ர வித்தியாசம் அந்த மொழியில கிடையாது. மிச்சம் இருக்கற வித்தியாசம் முதல் எழுத்து தலையில ஒரு சின்ன வட்டம், அவ்ளோ தான். நம்ம எழுத்துல எழுதினாலும் ஒரு ஆய்த எழுத்து தான் வித்தியாசம். மூணு புள்ளி.

தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பையன் செத்தது ஆங்கிலத்தால இல்லை. மணியடிச்சதுக்குத் துப்பாக்கி தூக்கினது தான் காரணம். நல்லா ஆங்கிலம் பேசினவங்களையும் அந்தத் துப்பாக்கி சுட்டிருக்கும். சென்செய் சொன்னதும் அது இல்லை. "அன்னிக்கு என் வகுப்புல ஒரு பையன், 'தெரியாத வார்த்தையைக் கேட்டா என்ன செய்யணும் சென்செய்?'னு கேட்டான். பத்து வருஷத்துக்கு மேல பாடம் எடுத்திருந்தேன். அதுக்கு ஒரு பாடம் என்கிட்ட இல்லை"ன்னாங்க. அதுக்கு மேல யாரும் நிகழ்ச்சி நிரலைப் பத்திப் பேசலை.

அதனால தான் இந்தப் பதிவு. ஜப்பான்ல 2020லேர்ந்து தொடக்கப் பள்ளி மூணு, நாலாம் வகுப்புல வருஷத்துக்கு 35 பீரியட் ஆங்கில விளையாட்டு, பேச்சு. அஞ்சு, ஆறுல 70 பீரியட், ஆனா அது புத்தகம், மதிப்பீடு எல்லாம் இருக்கற முழுப் பாடம். மதிப்பீடு வந்துட்டா "புரியலை"ங்கறது மார்க் குறையற பதில் ஆயிடும். அந்த பயம் வர்றதுக்கு முன்னாடி, ஏழு வயசுல, பேய் வேஷத்துல இருக்கறவன்கிட்ட "திரும்பச் சொல்லு"ன்னு மூணு தடவை கேட்ட பையன் நாளைக்கு எந்த நேட்டிவ்கிட்டயும் கேப்பான். பார்ட்டியால ஆங்கிலம் வருமான்னு கேட்டா, வராது. ஆனா வெக்கம் போகும். என் அனுபவத்துல வெக்கம் தான் பெரிய இலக்கணம்.

அந்தக் கருத்துத் தாள் எழுதினவங்க மேல எனக்குக் கோவம் இல்லை. உச்சரிப்புக்கு நேட்டிவ் வேணும்னா தேடிக்கட்டும், நல்லது. ஆனா புரியாம முழிக்கறதுன்னா என்னன்னு தெரிஞ்ச ஒருத்தன் வகுப்புல இருக்கறதும் நல்லது. பொறக்கும்போதே ஆங்கிலத்தோட பொறந்தவருக்கு டைனோசர் ஏன் அழுதான்னு உடனே தெரிஞ்சிருக்குமா? எனக்குத் தெரிஞ்சுது.

ஜப்பான்காரங்களை மட்டும் சொல்லி என்ன பண்ண. நம்ம வீட்டுல விருந்தாளி வந்தா "அங்கிளுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு"ன்னு குழந்தையைத் தள்ளி விடறோமே, அதுவும் தொரிக்கு ஒஆ தொரீத்தோ தான். சொன்னா சாக்லேட். ஆபீஸ்ல ஒருத்தன் தட்டுத் தடுமாறிப் பேசினா சிரிக்கறோம், சரளமாப் பேசினா பீட்டர்னு சொல்றோம். "புரியலைங்க"ன்னு சொல்றவனுக்கு எங்க இடம் கொடுத்திருக்கோம்?

நவம்பர் முதல் சனிக்கிழமை வழக்கம் போல வகுப்பு. வேட்டி இல்லாம, சாதா சட்டையில போனேன். டைனோசர் பையனும் சாதா டீஷர்ட். உள்ள வந்ததும் நான் "குட் மார்னிங்"னேன். நல்லாத் தெரிஞ்ச வார்த்தை தான். பய என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுச் சொன்னான்: "வன் மோஆ தைமு, புரீசு."

சொன்னேன். எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன்.

டிஸ்கி: வேட்டியில ஒட்டின ஸ்ட்ராபெரி மிட்டாய்க் கறை இன்னும் போகலை. வழி தெரிஞ்ச தாய்க்குலமும் தந்தைக்குலமும் சொல்லுங்கப்பா. கூடவே, நீங்க புரியாமலே "யெஸ்" சொல்லி மாட்டிக்கிட்ட கதையையும் சொல்லிட்டுப் போங்க. நான் மட்டும் தனியா அசிங்கப்பட்டா எப்படி :-)